மதார் முதுகில் இடத்தியல்

மனிதனுக்கு எண் விழுவது ஜெயிலில் மட்டும்தான் என்று மதார் நினைத்துக்கொண்டிருந்தார். ரேஷன் அட்டைக்கு எண் உண்டு, அது அட்டைக்கு விழுந்தது. சுமைதூக்கிகள் சங்கத்தில் கொடுத்த பித்தளை வில்லைக்கு எண் உண்டு, அது வில்லையைச் சேர்ந்தது. தன்மேலேயே, முழங்கைக்கு மேலே சதைப்பிடிப்பான இடத்தில், ஊதா மையில் ரப்பர் முத்திரை குத்தி நடுவில் பேனாவால் எண் எழுதுவார்கள் என்று அவர் கனவு கூடக் கண்டதில்லை. அதுவும் மகள் சுபைதா பேகத்தின் நிக்காஹுக்கு முந்தின நாள்.

வியாழக்கிழமை காலையில் மேலப்பாளையத்தில் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கால் ஊன்றிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்து மறித்தார் ஐயம்பெருமாள். வண்ணார்பேட்டையில் வாடகை வீட்டில் நடந்துவந்த கணிதக் கலைச்சொல் மூலங்காண் குழுவின் பியூன் அவர்.

“வே மதாரு, ஐயாமாரு கூப்பிடுதாவ. ஒரு அஞ்சு நிமிசம்.”

“எய்யா, நாளைக்கு நிக்காஹ். கால ஊனிக்கிட்டு நிக்கேன்.”

“அஞ்சு நிமிசத்துல கால் என்ன சாஞ்சா போவும்? ஏறும் பின்னால.”

உள்ளேயிருந்து மனைவி சித்தி ஜனாபா சத்தம் கொடுத்தாள். “போனமா வந்தமான்னு இருக்கணும். ஆபீஸ் வாசல்ல மாமர நெழல் இருக்குன்னு நின்னு பேசிக்கிட்டு இருக்காதிய.”

போக வேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் கூலிக்காரனை ஆபீஸ் கூப்பிடும்போது வரமாட்டேன் என்று சொல்கிற வாய் எந்தக் கடையிலும் விற்பதில்லை. நாளை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நிக்காஹ். மாப்பிள்ளை தாஜ் முகம்மது கடையநல்லூர்க்காரன், ரியாத்தில் வேலை, விடுப்பு முடியப்போகிறது. தேதியைத் தள்ளிப்போட முடியாது. பெண்ணைக் கொடுக்க வேண்டியது பெற்ற வாப்பா. அவர் வாயால் சொல்லாமல் பள்ளிவாசல் லெப்பை நிக்காஹ் ஓதமாட்டார். இதையெல்லாம் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மதார் ஐயம்பெருமாளின் முதுகிடம் சொல்லிக்கொண்டே போனார். முதுகு ‘ஆமா, ஆமா’ என்றது.

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணக்குப் பாடத்தில் புழங்குகிற தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் முதன்முதலில் எழுதியவர் யார் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. முதலில் எழுதியவர் தெரியாத சொல்லை அகராதியில் சேர்க்கக் கூடாது. கூட்டல், கழித்தல் இரண்டும் அதனால் இன்னும் நிலுவையில் இருந்தன. பெருக்கல் பரிசீலனையில் இருந்தது.

அந்த வருடம் குழு எடுத்துக்கொண்டது டோபாலஜி என்ற கணக்கு. ஓர் உருவத்தை இழுக்கலாம், நசுக்கலாம், வளைக்கலாம். கிழிக்கவோ ஒட்டவோ கூடாது. இவ்வளவு பாடு பட்ட பிறகும் அதில் மாறாமல் நிற்பது எது என்று பார்க்கிற கணக்காம். சுமைதூக்கிகளுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. தமிழில் அதற்கு இடத்தியல் என்று பெயர். வாத்தியார்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகள் அப்படித்தான் பரீட்சை எழுதினார்கள். குழு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. யார் முதலில் சொன்னது?

தலைவர் நாறும்பூநாதன் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். நெற்றியில் மூன்று பட்டை திருநீறு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இருக்கும். தன் நூலில் அவர், ‘இச்சொல்லின் மூலத்துக்குக் குருபிரசாத் கட்டுரை காண்க’ என்று எழுதியிருந்தார். செயலர் குருபிரசாத் தன் கட்டுரையில், ‘நாறும்பூநாதன் நூல் காண்க’ என்று எழுதியிருந்தார். இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே பல வருடங்களாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டுகொண்டுதான் இருந்தார்கள். கேட்டுக்கொள்வது மரியாதை இல்லை.

இந்த வட்டத்துக்கு வெளியே ஒரே ஒரு தடயம் இருந்தது. கொற்கையில் வாழ்ந்து மறைந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கைக்காசு போட்டு அச்சடித்த சிறு பிரசுரம். இடத்தியல் என்ற சொல் அதில்தான் முதலில் வந்தது என்று பேச்சு. அந்தப் பிரசுரம் குழுவுக்கு வந்துசேர்ந்தது. ஒருவர் படிக்கும் முன் மற்றவர் படித்துவிடக் கூடாது என்பதால் யாரும் படிக்கவில்லை. தொண்ணூற்றிரண்டில் தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள் ஏறிவந்தது. தரைத் தளத்தில் கட்டி வைத்திருந்த மூட்டைகள் முங்கிப்போயின. அன்றைக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூட்டைகளை மாடிக்கு ஏற்றியவர் மதார். வெள்ளம் வடிந்து நாலு வருடம் கழித்துத்தான் குழுவுக்கு அது ஞாபகம் வந்தது.

“பிரசுரம் இருந்த மூட்டையைக் கடைசியாகச் சுமந்தவர் நீங்கள்தானே?” என்று கேட்டார் குருபிரசாத்.

“எந்த மூட்டைன்னு தெரியல சாமி. எல்லாம் கூழாப் போச்சு. தூக்கத் தூக்கக் கரைஞ்சுது.”

“கூழ் எங்கே வழிந்தது?”

“எங்க வழியும்? எம் முதுகுலதான்.”

தலைவர் எழுந்து நின்றார். “சட்டையைக் கழற்றுங்கள்” என்றார், கோவிலில் சொல்கிற குரலில்.

குழுவின் மூன்றாவது உறுப்பினர் சித்ரலேகா உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பின்னால் போனார். நாற்பது வருடம் நெல், உப்பு, சிமெண்டு, வெங்காயம் எல்லாம் ஏறி இறங்கிய முதுகு அது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை.

“இங்கே ஒரு முற்றுப்புள்ளி தெரிகிறது” என்றார் சித்ரலேகா.

“மச்சம்மா அது. பொறந்ததுல இருந்து கெடக்கு.”

“வெள்ளத்துக்கு முன்பே இருந்தது என்பதற்குச் சான்று?”

மதார் யோசித்தார். “எம் பொஞ்சாதி பாத்திருக்கா.”

“சொந்தக்காரர். அவர் சாட்சி செல்லாது” என்றார் குருபிரசாத்.

அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. தலைவர் வாசித்தார்: “மேற்படி பிரசுரம் அழிந்தது. அதன் மை கடைசியாகப் படிந்த பரப்பு கிடைத்துள்ளது. ஆகவே மதார் என்பவரின் முதுகு அப்பிரசுரத்தின் எஞ்சியுள்ள ஒரே பிரதியாகக் கொள்ளப்படுகிறது. முதுகைத் தனியே பிரிக்க இயலாமையால் உருப்படி முழுவதும் குறிப்புதவிப் பிரிவில் சேர்க்கப்படுகிறது. வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.”

முத்திரை விழுந்தது. குளுமையாகத்தான் இருந்தது. மதார் அதை ஏதோ கூலிக்கான அடையாளம் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, “அப்ப நான் வாரேன் ஐயா” என்று கும்பிட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

வாசலில் காவலர் பஞ்சு. பட்டாளத்தில் சமையல்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே கற்ற கண்டிப்பை இங்கே பரிமாறிக்கொண்டிருந்தார்.

“கையக் காட்டும்.”

காட்டினார்.

“நம்பர் இருக்கே. நம்பர் உள்ள சாமான் வெளிய போகணும்னா செயலர் சீட்டு வேணும்.”

“நான் சாமானா வே?”

“அத நீரு அவுககிட்ட கேளும். நம்பர் உள்ளது சீட்டு இல்லாமப் போனா திருட்டு. நான் போலீசுக்கு எழுதணும். உம்ம நீரே திருடிட்டுப் போறீருன்னு எப்பிடிவே எழுதுவேன்? எனக்கும் அசிங்கம், உமக்கும் அசிங்கம்.”

மதார் கம்பிக்கதவைப் பார்த்தார். பூட்டு போட்டிருக்கவில்லை. ஒரு கதவு திறந்தே கிடந்தது. “தொறந்துதான கெடக்கு” என்றார்.

மாடியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த தலைவர் அங்கிருந்தே விளக்கினார். “இடத்தியலில் ஒரு கணம், அதாவது ஒரு தொகுப்பு, ஒரே சமயத்தில் திறந்ததாகவும் மூடியதாகவும் இருக்கலாம், மதார் அவர்களே. அதில் முரண்பாடு எதுவும் இல்லை. நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.”

தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். பஞ்சு தடுக்கக்கூடிய உடம்பு இல்லை. ஆனால் நாளைக்கு நிக்காஹ் வைத்துக்கொண்டு இன்றைக்கு வாசலில் போலீசு வந்து நின்றால் கடையநல்லூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? திருட்டுக் கேசு என்பார்கள். என்னத்தைத் திருடினான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும், அவனையே திருடினான் என்று சொன்னால் இன்னும் மோசமாக நினைப்பார்கள். மதார் திரும்பி வந்தார்.

தரைத் தளத்து நூலகத்தில் இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். பூச்சி அண்டாதபடி சட்டைப்பையில் அந்துருண்டை போட்டார் ஐயம்பெருமாள். காலையிலும் மாலையிலும் துணியால் தட்டித் தூசி எடுத்தார். நூலகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்பதால் சாப்பாட்டைக் கொல்லைப்பக்கம் கம்பி இல்லாத ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, மதாரின் தலையை மட்டும் வெளியே நீட்டச் சொல்லி ஊட்டினார்.

“மனசுல வச்சுக்கிடாதேயும். வெயில் படாத எடம், மழை படாத எடம். எனக்கே இந்த யோகம் இல்ல” என்றார் ஐயம்பெருமாள்.

“குளிக்கணும் எய்யா. நாளைக்கு மக கல்யாணம்.”

“முதுகு நனையக் கூடாதுன்னு தீர்மானம். தொழுகைக்கு ஒலு செய்யுறதுன்னா செய்யும். முழங்கை வரைக்கும்தான. முத்திரை மேல படாமப் பாத்துக்கிடும்.”

மாலையில் சித்ரலேகா வந்து எதிரே உட்கார்ந்தார். கேள்விகள் தயாராக இருந்தன.

“மூட்டை முதுகில் இருந்தபோது உங்களுக்குக் கருத்து ஏதாவது தோன்றியதா?”

“கழுத்து நொந்துது.”

“எந்த இடத்தில்?”

“இங்கன. பெறகு இங்கன. பெறகு இடுப்பு முழுக்க.”

சித்ரலேகாவின் கண்கள் விரிந்தன. “நோவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இடையறாமல் பரவியது. தொடர்ச்சி” என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தேநீர் வந்தது. பீங்கான் கோப்பையில், காது வைத்தது. குழுவில் தம்ளரே கிடையாது. ஓட்டை போட்ட உளுந்த வடையும் காது வைத்த கோப்பையும் இடத்தியலில் ஒரே உருவம். ஒன்றை இழுத்து நசுக்கினால் மற்றது வந்துவிடும். நம் ஊர்த் தம்ளருக்குக் காது இல்லாததால் இந்த உண்மை திருநெல்வேலி வட்டாரத்தில் பல காலம் செல்லாமல் இருந்ததாம். அதைச் செல்லவைக்கத்தான் கோப்பைகள் வாங்கப்பட்டன. வடை வாங்கத் தனித் தீர்மானம் நிலுவையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மதாரின் விண்ணப்பத்தைக் குழு எடுத்துக்கொண்டது. அவர் எழுந்து நின்று, அறிவொளி வகுப்பில் கற்ற தமிழை எல்லாம் கூட்டிப் பேசினார்.

“ஐயாமாரே, இன்னைக்கு மத்தியானம் எம் மகளுக்கு நிக்காஹ். நான் போயி வாயத் தொறந்தாத்தான் நடக்கும். முடிஞ்சதும் நானே திரும்பி வந்து அந்த முக்காலில உக்காந்துக்கிடுதேன். அல்லா மேல ஆணை.”

குருபிரசாத் மிகவும் இரக்கத்தோடு பேசினார். “உங்கள் கஷ்டம் புரிகிறது. எனக்கும் பெண் உண்டு. ஆனால் கல்யாண வீட்டில் நாலு பேர் முதுகில் தட்டுவார்கள். கட்டிப்பிடிப்பார்கள். மூலச் சான்று கலப்படம் ஆகிவிடும். பிற்பாடு எது கொற்கை வாத்தியார் மை, எது கல்யாண வீட்டுச் சந்தனம் என்று பிரிக்க முடியுமா?”

தலைவர் இன்னும் ஆழமாகப் போனார். “கல்யாணம் எல்லார் வீட்டிலும் நடக்கிறது. மூலம் என்பது அப்படி இல்லை. யோசித்துப் பாருங்கள். மூலம் கிடைத்துவிட்டால் குழுவின் பணி முடிந்தது, குழுவைக் கலைத்துவிடுவார்கள். மூலம் கிடைக்கவே கிடைக்காது என்று ஆகிவிட்டாலும் கலைத்துவிடுவார்கள். ஆகவே மூலம் கிடைக்கப்போகிற நிலையிலேயே இருந்துகொண்டிருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அந்த நிலைக்கு இவ்வளவு பொருத்தமான உருப்படி எங்களுக்கு அமைந்ததில்லை. உங்களை இழக்க நாங்கள் தயாராக இல்லை.”

அவர் கண் கலங்கியிருந்தது. சித்ரலேகா மேசையைத் தட்டினார்.

மதாருக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. ரயில்வே ஷெட்டில் மூட்டை கிழிந்தால், யார் கிழித்தது என்று தெரியாதவரைக்கும் எல்லாரையும் நிற்க வைப்பார்கள். யாராவது ஒருத்தன் ‘நான்தான்’ என்று சொல்லிவிட்டால் இரண்டு வசவோடு எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள். பல தடவை அவர் அப்படிச் சொல்லி வீட்டுக்குப் போயிருக்கிறார்.

“ஐயா, உண்மையச் சொல்லிருதேன்” என்றார். “அந்த இடத்தியல்னு மொதல்ல எழுதினது நான்தான். வேற யாரும் இல்ல. இப்ப விடுங்க.”

நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

“பிரதியும் நீங்கள், ஆசிரியரும் நீங்கள்!” என்றார் தலைவர்.

“எந்த ஆண்டு எழுதினீர்கள்?” என்றார் சித்ரலேகா.

அறிவொளி வகுப்புக்கு முன்னால் மதாருக்கு எழுத்தே தெரியாது. “மூணு வருசம் இருக்கும்” என்றார்.

“அதாவது, வெள்ளத்துக்குப் பிறகு” என்றார் குருபிரசாத். “அப்படியானால் வெள்ளத்தில் அழிந்த பிரசுரம், அதற்குப் பிறகு எழுதப்பட்டிருக்கிறது. இது மிகப் புதிய கண்டுபிடிப்பு. தனி உபகுழு வேண்டும்.” அவர் மதாரின் பக்கம் திரும்பினார். “சொல்லை யாரிடமிருந்து எடுத்தீர்கள்?”

“யாருகிட்ட இருந்தும் எடுக்கல சாமி. நான் எதயும் எடுக்கவே இல்ல!”

“முன்மாதிரி இல்லாமல் சொல் பிறக்காது. நன்றாக யோசியுங்கள். அவசரமில்லை. இன்னொன்று, ஆசிரியரைத் தன் நூலோடு தனியே விடக் கூடாது. திருத்திவிடுவார். பஞ்சு, இவரை இவருடைய முதுகோடு தனியாக விடாதே.”

அதன் பிறகு பஞ்சு முக்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

பாங்கு சத்தம் ஆற்றுப் பக்கத்திலிருந்து கேட்டது. ஜும்ஆவும் போயிற்று. அலமாரிக்கு நடுவிலேயே தொழுதுவிட்டு மதார் கையேந்தி உட்கார்ந்திருந்தபோது, தெருப்பக்க ஜன்னலில் தலைகள் தெரிந்தன. சித்தி ஜனாபாவின் அண்ணன், லெப்பை, கூட இரண்டு பேர். எல்லாரும் புதுச் சட்டை போட்டிருந்தார்கள்.

“என்ன மச்சான் இது? ஆபீஸ் மூடிருச்சேன்னு வேற எங்கெங்கயோ ராவெல்லாம் தேடி அலைஞ்சோம். ஜெயில் மாதிரி கம்பிக்குள்ள இருக்கிய. போலீசு கேசா?”

“இல்ல மச்சான். புத்தகக் கேசு.”

“மாப்பிள்ள வீட்டுக்காரவ முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காவ. பொண்ணுக்கு வாப்பாவ எங்கன்னு கேக்காவ. என்னன்னு சொல்ல? வெளிய வாங்க.”

“வந்தாத் திருட்டுங்காவ.”

மச்சினர் கம்பியைப் பிடித்து உலுக்கினார். லெப்பை அவர் தோளில் கை வைத்துத் தள்ளி நிறுத்தினார். நல்ல வயசாளி, வெயிலில் வந்த களைப்பு. “நேரம் போவுது. மதாரு, இங்கன பாரும். உம்ம மக சுபைதா பேகத்த தாஜ் முகம்மதுக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்க, ஒமக்குப் பதிலா ஒம்ம மச்சினன வக்கீலா ஆக்குதீரா?”

பந்தலின் கீழே, சம்பந்தக்காரர்கள் முன்னால், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டும் என்று சுபைதா பிறந்த நாளிலிருந்து மதார் வைத்திருந்த வார்த்தை வேறு.

“ஆக்குதேன்” என்றார்.

“ரெண்டு பேரும் கேட்டியளா?”

“கேட்டோம்” என்றார்கள் கூட வந்தவர்கள்.

“போதும்” என்று சொல்லி லெப்பை திரும்பினார்.

உள்ளேயிருந்து தலைவர் ஓடிவந்தார். “நில்லுங்கள், நில்லுங்கள்! போதும் என்றால் எப்படி? எந்த நூல்? எந்தப் பக்கம்?”

லெப்பை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அவரு சொன்னாரு. இவங்க கேட்டாவ. இதுல பக்கம் எங்கன இருக்கு?” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்துவிட்டார். தலைவர் வெகுநேரம் ஜன்னலிலேயே நின்றார். “படிப்பில்லாதவர்கள். எவ்வளவு துணிச்சல்” என்றார் கடைசியில்.

நிக்காஹ் முடிந்திருக்கும் என்று மதார் வெயில் தரையில் நகர்ந்ததை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டார். இப்போது கறி கிண்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது ஒரே தாம்பாளத்தைச் சுற்றிச் சஹனில் உட்கார்ந்திருப்பார்கள். தன்னுடைய இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பின்னால் நின்ற பஞ்சு, “நெய்ச்சோறா வே?” என்று மெதுவாகக் கேட்டார்.

ஆபீஸ் மூடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் வாசலில் வேன் வந்து நின்றது. ரோஜா மாலை சுற்றிய வேன். ஐயம்பெருமாள் வாசலிலிருந்து உள்ளே வந்தார். கையில் நூல் கேட்கிறவர்கள் எழுதிக் கொடுக்கிற சீட்டு. அதை மதாரிடமே நீட்டினார்.

மதார் எழுத்துக் கூட்டினார். ‘கேட்பவர் பெயர்’ என்று அச்சடித்த இடத்தில், சுபைதா பேகம். ‘நூலின் பெயர்’ என்ற இடத்தில், வாப்பா. ‘நோக்கம்’ என்ற இடத்தில் முதலில் ஏதோ எழுதி அடித்திருந்தது. கீழே, பாக்க.

படிப்பறையில் மேசைக்கு அந்தப்புறம் அவள் உட்கார்ந்திருந்தாள். சிவப்புப் பட்டு, கை நிறைய மருதாணி, அழுது வீங்கிய முகம். கதவோரம் தாஜ் முகம்மது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

“ஸலாம் வாப்பா.”

“அமைதி” என்றார் சித்ரலேகா, அடுத்த மேசையிலிருந்து தலை நிமிராமல்.

அதற்குப் பிறகு அவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள்.

“சாப்பிட்டியளா வாப்பா?”

“சாப்பிட்டேன்லா. நீ?”

“எறங்கல.” மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே, “மாமாதான் சொன்னாவ, கையப் பிடிச்சு. நல்லாத்தான் சொன்னாவ” என்றாள்.

“நான் சொன்ன மாதிரிதான்.”

“ஆமா.”

மதார் மாப்பிள்ளையைக் கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினார். ஒரு சீட்டுக்கு ஒருவர்தான் என்று பஞ்சு தயங்கினார். பிறகு தானே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தாஜ் முகம்மது குனிந்தான். மதார் அவன் கையைப் பிடித்தார். பந்தலில் சொல்ல வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

மணி அடித்தது.

“நேரம் முடிந்தது” என்றார் குருபிரசாத், பையை மாட்டிக்கொண்டே. “எல்லாரும் எழுந்திருக்கலாம்.”

சுபைதா எழுந்து வாப்பாவின் தோளைப் பிடித்து அலமாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தாள். இரண்டு அடி வைப்பதற்குள் தலைவர் இடைமறித்தார். குரலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கனிவு.

“அம்மா, சுவரில் எழுதியிருக்கிறது பார். படித்ததை நாமே திருப்பி வைக்கக் கூடாது. இடம் மாறிவிடும். மேசையிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும்.”

அவள் சுவரைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள். பைய அவரை நாற்காலியில் உட்கார வைத்து, நழுவியிருந்த தோள்துண்டைச் சரிசெய்தாள். முத்திரை வெளியே தெரியாதபடி சட்டைக் கையை இறக்கிவிட்டாள். அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.